மொய் நோட்டும் சப்-குவெரியும்

"சப்-குவெரி எழுதாதே, ஜாயின் எழுது." டேட்டாபேஸ் பக்கம் பொழைப்பு நடத்துற யாரைக் கேட்டாலும், வேலைக்குச் சேர்ந்த புதுசுல யாராவது ஒரு சீனியர் இந்த உபதேசத்தைக் காதுல ஓதியிருப்பார். எனக்கும் ஓதினாங்க. நானும் அதை வேதவாக்கா எடுத்துகிட்டு, எனக்குப் பின்னால வந்த பசங்களுக்கும் பல வருஷம் ஓதிகிட்டு இருந்தேன். அது பாதி உண்மை, மீதிப் பாதி ஆபத்து என்பது இப்போ என்னோட கருத்து. ஒரு தடவை நல்லா வாங்கிக் கட்டிகிட்ட பிறகு வந்த கருத்து என்பதையும் முதல்லயே சொல்லிடறேன்.

கம்ப்யூட்டர் துறையில இல்லாத நண்பர்கள் உடனே ஓடிடாதீங்க. கல்யாண வீட்டு மொய் நோட்டை வெச்சே முழுக்கச் சொல்லப் போறேன். மொய் எழுதின அனுபவம் இருந்தா போதும், இந்தப் பதிவு புரியும் :-)

ஒரு கல்யாணம் முடிஞ்சு ரெண்டு நாள் ஆச்சு. பொண்ணோட அப்பா கையில ரெண்டு நோட்டு இருக்கு. ஒண்ணு, பத்திரிகை வெச்சவங்க பட்டியல். 400 பேர். இன்னொண்ணு மொய் நோட்டு. வந்தவங்க வந்த வரிசையில எழுதினது, மொத்தம் 600 வரி. அவருக்கு ஒரு சந்தேகம். "நாம பத்திரிகை வெச்சவங்கள்ல யாரெல்லாம் மொய் எழுதியிருக்காங்க?" பத்திரிகைப் பட்டியல்ல ஒவ்வொரு பேரா எடுத்து, "இவர் பேர் மொய் நோட்டுல இருக்கா?"ன்னு உள்ளே இன்னொரு கேள்வி கேக்கணும். கேள்விக்குள்ள கேள்வி. இதைத்தான் சப்-குவெரின்னு சொல்றோம்.

இதைச் செய்ய மூணு வழி இருக்கு.

முதல் வழி, ஒவ்வொரு பேருக்கும் மொய் நோட்டை முதல் பக்கத்துல இருந்து புரட்டுறது. கடைசி வரைக்கும் புரட்ட வேண்டி வந்தா 400 பெருக்கல் 600, ஆக 2,40,000 வரி படிக்கணும். கண்ணு பூத்துடும்.

ரெண்டாவது வழி. வீட்டுல யாரோ ஒரு பொறுமைசாலி, எந்தப் பேர் எந்தப் பக்கத்துல இருக்குன்னு அகர வரிசையில ஒரு தாள்ல எழுதி வெச்சிருக்கார். அதைப் பாத்து நேரா அந்தப் பக்கத்தைத் திறக்கலாம். இதுதான் இண்டெக்ஸ்.

மூணாவது வழி. மொய் நோட்டை ஒரே ஒரு தடவை படிச்சு, பேர்களைச் சீட்டுல எழுதி முதல் எழுத்துப்படி தனித்தனி டப்பாவுல போட்டுடறது. அப்புறம் பத்திரிகைப் பட்டியலை ஒரு தடவை படிச்சு, அந்தந்த டப்பாவுல மட்டும் தேடறது. ரெண்டு நோட்டையும் சேர்த்தா 1,000 வரி படிச்சா போதும். இதுக்கு ஹாஷ் முறைன்னு பேரு.

எது நல்ல வழி? மூணு பேரைப் பத்தி மட்டும்தான் தெரியணும்னா ரெண்டாவது. 400 பேரையும் பாக்கணும்னா மூணாவது. நாலு வரிதான் இருக்கிற மொய் நோட்டுன்னா முதல் வழியே போதும். இந்த முடிவை எடுக்கிற ஆள்தான் டேட்டாபேஸுக்குள்ள உக்காந்திருக்கிற பிளானர். நீங்க 'என்ன வேணும்'னு மட்டும் சொல்லணும், 'எப்படி'ங்கிறதை அவர் பாத்துப்பார்.

இந்த எண்ணத்துக்கு விதை போட்டவர் ஐபிஎம்ல இருந்த எட்கர் காட். 1970-ல அவர் எழுதின கட்டுரையில இருந்துதான் ரிலேஷனல் டேட்டாபேஸ் கதையே ஆரம்பம். 1974-ல சேம்பர்லினும் பாய்ஸும் இதுக்கு ஒரு மொழியை வடிவமைச்சாங்க. அதுதான் இன்னைக்கு நாம எழுதற எஸ்க்யூஎல். 1979-ல பட்ரீஷியா செலிங்கரும் கூட்டாளிகளும், ஒரு குவெரிக்கு எத்தனை வழி இருக்கோ அத்தனைக்கும் செலவுக் கணக்குப் போட்டு, குறைஞ்ச செலவுள்ள வழியைப் பிடிக்கிற பிளானரை விவரிச்சு எழுதினாங்க. இன்னைக்கு இருக்கிற பெரும்பாலான டேட்டாபேஸ்கள் அந்தக் கட்டுரைக்குக் கடன்பட்டவை.

அந்த 1979 கட்டுரையிலயே சப்-குவெரிக்குன்னு தனிப் பகுதி உண்டு. உள்ளே இருக்கிற கேள்வி வெளியே இருக்கிறதைச் சாராம தனியா நிக்குதுன்னா, உதாரணமா "மொய் நோட்டுல அதிகபட்சத் தொகை எவ்வளவு?"ன்னு இருந்தா, ஒரே ஒரு தடவை கணக்குப் பண்ணி விடையைக் கையில வெச்சுக்கலாம். வெளியே இருக்கிற ஒவ்வொரு பேரையும் சார்ந்ததுன்னா, ஒவ்வொரு பேருக்கும் திரும்பக் கேக்கணும். ஒரே பேர் அடுத்தடுத்து வந்தா மட்டும் போன தடவை வந்த விடையையே திரும்பச் சொல்லிக்கலாம். அந்தக் காலத்து நிலைமை அவ்வளவுதான். சீனியர்களோட பயத்துக்கு ஆணிவேர் இந்த 'ஒவ்வொரு பேருக்கும் திரும்ப' சமாச்சாரம்தான்.

இப்போ நான் வாங்கிக் கட்டிகிட்ட கதை.

பல கிளைகள் இருக்கிற ஒரு மருந்துக் கடைக்கு மென்பொருள் பாத்துகிட்டு இருந்தோம். தினமும் ராத்திரி ஒரு பட்டியல் வரும். கையிருப்பு குறைஞ்ச மருந்துகள்ல எதுக்கெல்லாம் புதுசா ஆர்டர் போடணும்கிற பட்டியல். ஒரு சப்ளையர் கைவிட்டாலும் இன்னொருத்தர் அனுப்பிடணும்னு, முக்கியமான மருந்துக்கெல்லாம் ரெண்டு ஆர்டர் நிலுவையில இருக்கணும்னு அவங்க விதி. குவெரி ஏறக்குறைய இப்படி இருந்துச்சு (தமிழ் எழுத்துலயே எழுதியிருக்கேன், சிரிக்காதீங்க):

செலக்ட் பெயர் ஃப்ரம் மருந்து
வேர் கையிருப்பு < குறைந்தஅளவு
அண்ட் தேவையானஆர்டர் > (
    செலக்ட் கவுண்ட்(*) ஃப்ரம் ஆர்டர்
    வேர் ஆர்டர்.மருந்துஎண் = மருந்து.எண்
    அண்ட் ஆர்டர்.நிலை = 'நிலுவை' )

கையிருப்பு குறைஞ்ச மருந்து சுமார் 3,000. ஆர்டர் டேபிள்ல சுமார் 20 லட்சம் ரெக்கார்டு. ஒவ்வொரு மருந்துக்கும் 20 லட்சத்தையும் புரட்டினா 600 கோடி ரெக்கார்டு. ராத்திரி முக்கால் மணி நேரம் ஓடிகிட்டு இருந்துச்சு. "பாரு, சப்-குவெரி!"ன்னு ஒரு பார்வை பாத்துட்டு, உபதேசத்தைச் செயல்படுத்திட்டேன். ஆர்டர் டேபிளை முதல்ல மருந்துவாரியா எண்ணி ஒரு சின்னப் பட்டியல் ஆக்கினேன். அதை மருந்து டேபிளோட ஜாயின் பண்ணினேன். நாலு நொடியில முடிஞ்சுது. எல்லாரும் கைகுலுக்கினாங்க. டீயும் பஜ்ஜியும் என் கணக்குல.

பதினோரு நாள் கழிச்சு ஒரு கிளையில இருந்து போன் வந்துச்சு. இன்சுலின் இல்லை. ஐஸ் டப்பாவோட வந்த ஒரு பெரியவரைத் திருப்பி அனுப்பியிருக்காங்க. அவருக்கு முன்னாலயும் சிலர் திரும்பிப் போயிருக்காங்க. "ஆர்டர் போடச் சொல்லி உங்க லிஸ்ட்ல வரவே இல்லையே சார்"ன்னு அந்த மேலாளர் சொன்னப்போ எனக்கு வயித்தைக் கலக்கிடுச்சு.

என்ன ஆச்சு தெரியுமா? மொய் நோட்டுக்கு வாங்க. "ஒரு தடவைகூட மொய் எழுதாதவங்க யார்?"னு தெரியணும். நான் என்ன பண்ணினேன், மொய் நோட்டை எடுத்து, ஒவ்வொரு பேரும் எத்தனை தடவை வந்திருக்குன்னு எண்ணினேன். அதுல இருந்து பட்டியல் எடுத்தேன். மொய்யே எழுதாதவன் பேர் மொய் நோட்டுல எப்படிங்க இருக்கும்?

அதே கதைதான். நிலுவை ஆர்டர் ஒண்ணுகூட இல்லாத மருந்துக்கு, எண்ணின பட்டியல்ல வரியே கிடையாது. பழைய சப்-குவெரி அந்த இடத்துல 'பூஜ்யம்'னு ஒரு விடை குடுத்துகிட்டு இருந்துச்சு. என்னோட ஜாயின்ல அந்த மருந்தே காணாமப் போச்சு. அவசரமா ஆர்டர் போட வேண்டியதே அந்த மருந்துகளுக்குத்தான். ஒரு ஆர்டர் நிலுவையில இருந்த மருந்துகள் வழக்கம்போல பட்டியல்ல வந்துகிட்டுதான் இருந்துச்சு. அதனால பட்டியல் சின்னதாயிட்டதை யாரும் கவனிக்கலை. மாத்தறதுக்கு முன்னாடி ரெண்டு விடையையும் நான் ஒப்பிட்டுப் பாக்கலையான்னு கேப்பீங்க. பாத்தேன். முதல் பக்கத்தை மட்டும், மேலாப்புல.

அப்புறம் தேடிப் படிச்சப்போதான் ஒரு விஷயம் தெரிஞ்சுது. என்னை விடப் பெரிய ஆட்களும் இதே பள்ளத்துல விழுந்திருக்காங்க. 1982-ல வொன் கிம் என்கிற ஆராய்ச்சியாளர், சப்-குவெரிகளை வகை பிரிச்சு, ஒவ்வொரு வகையையும் ஜாயினா எப்படி மாத்தலாம்னு ஒரு முக்கியமான கட்டுரை எழுதினார். இந்தத் துறையில முன்னோடிக் கட்டுரை அது. அதுல எண்ணிக்கை வர்ற வகைக்கு அவர் சொன்ன வழியும் நான் செய்ததும் ஒண்ணுதான். முதல்ல எண்ணு, அப்புறம் சேரு. பூஜ்யம் வர்ற இடத்துல விடை தப்பாப் போகுதுன்னு 1984-ல வெர்னர் கீஸ்லிங் சுட்டிக் காட்டினார். இதுக்கு 'கவுண்ட் பக்'னே பேர் வந்துடுச்சு. 1987-ல கான்ஸ்கியும் வாங்கும் அவுட்டர் ஜாயின் போட்டு அதைச் சரி பண்ணிக் காட்டினாங்க. அதாவது பத்திரிகைப் பட்டியலை அடிப்படையா வெச்சுக்கணும். மொய் நோட்டுல பேர் இல்லைன்னாலும் அந்த வரியை விட்டுடாம, பக்கத்துல காலியா விடணும். அப்பவும் காலி வரியையே 'ஒண்ணு'ன்னு எண்ணிடாம பாத்துக்கணும். கவுண்ட்டுக்குள்ள நட்சத்திரம் போடறதுக்குப் பதிலா ஆர்டர் பக்கத்துக் காலத்தோட பேரைப் போடறது அதுக்குத்தான்.

ஆராய்ச்சி உலகத்துக்கே இதைச் சரியா மாத்த அஞ்சு வருஷம் ஆச்சு. நான் டீ டைமுக்குள்ள மாத்திட்டேன்.

கடைசியில நான் என்ன செஞ்சேன் தெரியுமா? பழைய சப்-குவெரியையே திரும்பப் போட்டு, ஆர்டர் டேபிள்ல மருந்து எண்ணும் நிலையும் சேர்ந்த ஒரு இண்டெக்ஸ் போட்டேன். 3,000 தடவை இண்டெக்ஸ்ல எட்டிப் பாக்கிறது ஒரு பெரிய வேலையே இல்லை. சில நொடியில முடிஞ்சுது. முக்கால் மணி நேரம் ஓடினதுக்குக் காரணம் சப்-குவெரி இல்லை, இண்டெக்ஸ் இல்லாததுதான். எக்ஸ்ப்ளெயின் போட்டுப் பாத்திருந்தா, டேபிள் முழுக்கப் புரட்டறது 3,000 தடவை நடக்குதுன்னு முதல் நாளே தெரிஞ்சிருக்கும்.

இன்னொரு பள்ளமும் இருக்கு. 'நாட் இன்'. மொய் நோட்டுல ஒரு வரியில 101 ரூபாய்னு இருக்கு, பேர் எழுதலை. யாரோ மறந்துட்டாங்க. இப்போ "முருகேசன் மாமா மொய் எழுதலையா?"ன்னு கேட்டா என்ன சொல்லுவீங்க? அந்தப் பேர் இல்லாத வரி அவரோடதா இருக்கலாம். நிச்சயமாச் சொல்ல முடியாது. முருகேசன் மாமாவுக்கு மட்டும் இல்லை, நோட்டுல பேர் இல்லாத அத்தனை பேருக்கும் இதே பதில்தான். எஸ்க்யூஎல் இப்படித்தான் யோசிக்குது. உள்ளே ஒரே ஒரு நல் இருந்தாலும் 'நாட் இன்' ஒரு வரிகூடத் திருப்பித் தராது. அதே கேள்வியை 'நாட் எக்ஸிஸ்ட்ஸ்'னு கேட்டா, முருகேசன்னு எழுதின வரி இருக்கான்னு மட்டும் பாக்கும். இல்லைன்னா 'எழுதலை'ன்னு சொல்லிடும்.

பாக்க ஒரே மாதிரி இருக்கிற ரெண்டு கேள்விக்கும் அர்த்தம் வேற. அதனால பிளானர் இஷ்டத்துக்கு ஒண்ணை இன்னொண்ணா மாத்த முடியாது. போஸ்ட்கிரெஸ் 2009-ல வந்த 8.4 பதிப்புல இருந்து 'எக்ஸிஸ்ட்ஸ்', 'நாட் எக்ஸிஸ்ட்ஸ்' ரெண்டையும் செமி ஜாயின், ஆன்ட்டி ஜாயின்னு அழகா மாத்திடுது. செமி ஜாயின்னா, பேர் ஒரு தடவை கிடைச்சதும் போதும்னு அடுத்த ஆளுக்குப் போயிடறது. ஆன்ட்டி ஜாயின் அதுக்கு எதிர்ப்பக்கம். ஆனா 'நாட் இன்'னை 2024-ல வந்த 17-ஆம் பதிப்பு வரைக்கும் இப்படி மாத்தறது கிடையாது. உள்ளே வர்ற விடை நினைவகத்துல அடங்கினா ஹாஷ் பண்ணித் தப்பிச்சுக்கும். அடங்கலைன்னா ஒவ்வொரு ரெக்கார்டுக்கும் மொத்தத்தையும் புரட்டும். ஆரக்கிள் 11ஜி-யில இருந்து நல்லையும் கணக்குல எடுத்துக்கிற ஆன்ட்டி ஜாயினே தனியா இருக்கு.

சரி, அப்போ சீனியர்கள் சொன்னது முழுக்கப் பொய்யா? இல்லை. அதுக்கும் ஒரு காலம் இருந்துச்சு. மைஎஸ்க்யூஎல் 5.6 பதிப்பு 2013-ல வர்ற வரைக்கும், தனியா நிக்கிற 'இன்' சப்-குவெரியைக்கூட வெளியே இருக்கிற ஒவ்வொரு ரெக்கார்டுக்கும் ஒரு தடவை ஓட்டற பழக்கம் அதுக்கு இருந்துச்சு. அந்தக் காலத்துல அதுல வேலை பாத்தவங்க சப்-குவெரியைப் பாத்து அலறினது நியாயம். 5.6-ல செமி ஜாயின் வந்துடுச்சு. உபதேசம் மட்டும் அப்படியே நின்னுடுச்சு.

"அதான் பிளானர் இருக்காரே, எல்லாத்தையும் அவர் பாத்துப்பார்"னு எதிர்க் கட்சியும் ஒண்ணு இருக்கு. அதுவும் சரியில்லை. நான் மேலே காட்டின கவுண்ட் குவெரியை போஸ்ட்கிரெஸ் தானா ஜாயினா மாத்தாது, ஒவ்வொரு ரெக்கார்டுக்கும் உள்ளே போய்த்தான் வரும். எஸ்க்யூஎல் சர்வர் மாத்திப் பாக்கும். எப்படிப்பட்ட சப்-குவெரியையும் பிரிச்சு எடுக்க ஒரு பொது வழியை 2015-ல தாமஸ் நாய்மனும் அல்ஃபோன்ஸ் கெம்பரும் எழுதினாங்க. டக்டிபி அந்த வழியைத்தான் பின்பற்றுது. அதே போஸ்ட்கிரெஸ்ல 2019-ல 12-ஆம் பதிப்பு வர்ற வரைக்கும் 'வித்'னு ஆரம்பிச்சு எழுதின பகுதியை பிளானர் தனியா ஓட்டி முடிச்சுட்டுத்தான் மேலே போகும். வெளியே இருக்கிற நிபந்தனையை உள்ளே கொண்டு போகாது. ஆக, இது ஆளுக்கு ஆள், பதிப்புக்குப் பதிப்பு மாறுது. ஒரு வரி உபதேசமெல்லாம் இதுல செல்லாது.

என் கட்சி இதுதான். குவெரியை முதல்ல அர்த்தம் தெளிவா இருக்கிற மாதிரி எழுதுங்க. 'இருக்கா, இல்லையா'ங்கிறது கேள்வின்னா 'எக்ஸிஸ்ட்ஸ்'னே எழுதுங்க. சப்-குவெரி ஆகாதுன்னு ஜாயின் போட்டு, ரெண்டு தடவை மொய் எழுதின மாமா பேர் ரெண்டு தடவை வந்ததும் மேலே ஒரு 'டிஸ்டிங்க்ட்'டைப் போட்டு மூடற வேலை வேண்டாம். காலியா இருக்கக் கூடாத காலத்துக்கு 'நாட் நல்'னு போட்டு வைங்க. அது தப்பான தகவலையும் தடுக்கும், பிளானருக்கும் ஒரு உறுதிமொழி. மெதுவா இருந்தா எக்ஸ்ப்ளெயின் போட்டு, எந்த இடத்துல எத்தனை தடவை சுத்துதுன்னு பாருங்க. இண்டெக்ஸ் இருக்கா, புள்ளிவிவரம் பழசாயிடுச்சான்னு பாருங்க. இதெல்லாம் அர்த்தத்தை மாத்தாத வைத்தியம்.

அதுக்கும் மசியலைன்னா மட்டும் குவெரியை மாத்தி எழுதுங்க. எழுதினதும் பழைய விடைக்கும் புது விடைக்கும் 'எக்ஸெப்ட்' போட்டு ரெண்டு பக்கமும் கழிச்சுப் பாருங்க. 'எக்ஸெப்ட்' இரட்டைப் பதிவுகளை விழுங்கிடும்கிறதால மொத்த எண்ணிக்கையையும் ஒப்பிடுங்க. ரெண்டு நிமிஷ வேலை. நான் அதைச் செஞ்சிருந்தா அன்னைக்கு அந்தப் பெரியவர் ஐஸ் டப்பாவைத் தூக்கிகிட்டு இன்னொரு கடைக்கு அலைஞ்சிருக்க மாட்டார்.

பிளானர் ஒரு குவெரியை மாத்தறதுக்கு முன்னாடி விடை மாறாதுன்னு நிச்சயம் பண்ணிக்குது. நிச்சயம் இல்லைன்னா மெதுவா ஓடினாலும் பரவாயில்லைன்னு அப்படியே விட்டுடுது. நாமதான் நாலு நொடின்னதும் கைகுலுக்கிடறோம்.

எனக்குக் கீழே வந்த பசங்களுக்கு இப்பல்லாம் நான் அந்த உபதேசத்தை ஓதறது இல்லை. முன்னாடி ஓதினதுக்கு அவங்க மன்னிக்கணும். இதுல உங்க அனுபவம் வேற மாதிரி இருந்தா பின்னூட்டத்துல சொல்லுங்க, சண்டை போடலாம் :-)

பி.கு: அந்த பஜ்ஜிக் காசை யாரும் திருப்பித் தரலை. நானும் கேக்கலை.